எழுபது நிமிட மணி

வியாழனைச் சுற்றிவரும் கலிஸ்டோ என்ற நிலவில், பனிப்பாறைக்கு அடியில் குடைந்து கட்டிய குடியிருப்புக்கு வெண்கூடம் என்று பெயர். அங்கே அறுநூறு பேர் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். பனியைத் துளைத்துத் தாது எடுக்கும் கம்பெனிக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, குடும்பத்தோடு வந்து இறங்கியவர்கள்.

வெண்கூடத்தில் சன்னல் கிடையாது. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். மையக் கணினியின் கடிகாரம் காலை என்றால் கூரை விளக்குகள் வெளுக்கும், ராத்திரி என்றால் அணையும். மணிக்கட்டில் கட்டியிருப்பது, உணவுக்கூடச் சுவரில் மாட்டியிருப்பது, அடுப்பில் இருப்பது என எல்லாக் கடிகாரமும் அந்த ஒன்றிடமிருந்துதான் நேரத்தை வாங்கிக்கொள்ளும். சொந்தமாக நேரம் வைத்திருக்கும் கருவி ஒன்றுகூட அங்கே இல்லை. எடை மிச்சம் என்று கம்பெனி செய்த ஏற்பாடு அது. அப்படிப்பட்ட மிச்சங்கள் பின்னால் என்ன வேலை செய்யும் என்று எந்தக் கம்பெனி யோசித்திருக்கிறது?

அந்த மையக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்பவன் இசக்கியப்பன். அமைதியான ஆள். "ஏ இசக்கி, ஞாயித்துக்கெழமைய மட்டும் ரெண்டு மணி நேரம் கூட்டி விடேன்டே" என்று வழியில் பார்ப்பவர்கள் எல்லாம் கேலி செய்வார்கள். அவனும் சிரித்துக்கொண்டு போவான். அவன் மனைவி பூங்கோதை துளைப்புப் பிரிவில் பொறியாளர். மூன்று வருடம் ஏங்கி, அப்போதுதான் கருவுற்றிருந்தாள். டாக்டர் ரஹ்மத் நிஸா ஸ்கேன் எடுத்து, பிரசவ நாளும் குறித்துக் கொடுத்திருந்தார்.

அடுத்த வாரம் நெற்கூடங்கள் கருகின. மூன்று கூடங்களில் இரண்டில் ஏதோ பூஞ்சை பிடித்து, பயிர் கறுத்துச் சாய்ந்தது. நிர்வாகி கோதண்டம் இசக்கியப்பனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, நான் சொல்றது இந்த அறையைத் தாண்டக் கூடாது. பூமியிலேர்ந்து சரக்குக் கப்பல் கிளம்பியாச்சு. அது வர்ற நாளை யாராலும் மாத்த முடியாது. அதுவரைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஏழு நாளைக்கும் ஆறு நாள் சோறுதான் இருக்கு."

"அளவைக் குறைச்சிரலாமே சார். மக்கள்கிட்ட சொன்னாப் புரிஞ்சுக்கிடுவாங்க."

"புரிஞ்சுப்பாங்களா? போன ஒப்பந்தத்துல வேற ஒரு குடியிருப்புல இப்படித்தான் அறிவிச்சாங்க. மறுநாளே கிடங்குக் கதவை உடைச்சிட்டாங்க. ஒரு வாரத்துல பாதி உணவு பதுக்கல்ல போயிடுச்சு. நான் அங்க இருந்தவன் தம்பி." சாத்திய கதவை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நான் கேக்கிறது வேற. நீங்க கடிகாரத்தை மாத்த முடியுமா?"

இசக்கியப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"ஒரேயடியாப் பின்னால தள்ள முடியாது சார். பத்து மணிக்கு நடந்த சங்கதிக்கு அப்புறம் ஒம்பது மணின்னு ஒரு பதிவு வந்தா மெஷினே குழம்பிப் போயிரும், மனுஷனும் கண்டுபிடிச்சிருவான். ஆனா ஓட்டத்தைத் தளர்த்தலாம். ஒவ்வொரு நொடியையும் கொஞ்சங் கொஞ்சமா நீட்டிக்கிட்டே போகணும். நாளைக்கு ஒரு மயிரிழை, நாளன்னைக்கு இன்னொரு மயிரிழை. ஒரு மணி நேரம் எழுபது நிமிஷமா ஆகுற வரைக்கும்."

"அப்போ ஒரு நாள்?"

"இருபத்தெட்டு மணி நேரம். நிஜத்துல ஏழு நாள் போயிருக்கும், நம்ம நாள்காட்டியில ஆறு நாள்தான் காட்டும்."

"மூணு வேளைச் சாப்பாடு, மூணு வேளையாவே இருக்கும்" என்றார் கோதண்டம் மெதுவாக. "யார்கிட்டயும் எதையும் பிடுங்கலை. கப்பல் வந்ததும் சரி பண்ணிடுவோம். முன்னாடியே வந்துடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க."

அறுநூறு பேரையும் பட்டினியிலிருந்து காப்பாற்றும் வேலை என்று அவர் சொன்னபோது இசக்கியப்பனால் மறுக்க முடியவில்லை. அதில் பூங்கோதையும் அடக்கம், அவள் வயிற்றில் இருப்பதும் அடக்கம். அவன் அதற்கான கணினி நிரலை எழுதினான். எழுதும்போது, உண்மை நேரத்தில் ஓடியே தீர வேண்டிய இயந்திரங்களுக்கெல்லாம் விலக்குக் கொடுத்தான். காற்றைச் சுத்தம் செய்வது, நீரேற்றி, அணு உலை. பிறகு சினிமாவுக்கும் கொடுத்தான். நொடி நீண்டால் படத்தில் கதாநாயகி ஆண் குரலில் பேசுவாள், அரை மணி நேரத்தில் குட்டு உடைந்துவிடும். சினிமா வரை யோசித்தவன் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு நிரலை ஓட விட்டான். பூமியிலிருந்து வரும் செய்திகளின் தேதிகளை நிர்வாகி அறையிலேயே திருத்தி அனுப்ப ஏற்பாடானது.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஏதோ ஒன்று இடித்தது. வேடிக்கை என்னவென்றால், ஒருவருக்குக்கூடக் கடிகாரத்தின் மேல் சந்தேகம் வரவில்லை. தங்கள் மேல்தான் வந்தது.

உணவுக்கூடத்துத் தலைமைச் சமையல்காரி செல்லத்தாய் கரைத்து வைத்த இட்லி மாவு, விடிவதற்குள் புளித்துப் பொங்கிப் பாத்திரத்தை விட்டு இறங்கியது. உளுந்து சரியில்லை என்றாள். துளைப்புப் பிரிவில் எட்டு மணி நேர ஷிப்டு முடிந்து வருபவர்கள் உடைமாற்றும் அறையிலேயே உட்கார்ந்து தூங்கினார்கள். வயதாகிறது என்றார்கள். அவர்களில் பலருக்கு முப்பதுகூட ஆகவில்லை. காலையில் மழித்த தாடி சாயங்காலமே குத்துகிறது என்று ஒருவன் பிளேடு கம்பெனியைத் திட்டினான். இரண்டரை மணி நேரப் படம் இரண்டே காலுக்குள் முடிந்துவிடுகிறது, நிர்வாகம் பாட்டுகளை வெட்டுகிறது என்று நாற்பது பேர் கோதண்டத்தை முற்றுகையிட்டார்கள். பயிர் கருகியதற்கு வராத கூட்டம் அதற்கு வந்தது.

டாக்டர் ரஹ்மத் நிஸாவுக்கு வேறொரு கவலை. யாருக்கு நாடி பார்த்தாலும் கூடுதலாக இருந்தது. கருவியை மாற்றிப் பார்த்தார், அதுவும் அப்படியே சொன்னது. பயிர் கருகியதில் ஊருக்கே படபடப்பு வந்துவிட்டது என்று முடிவு கட்டி, வாரம் இரண்டு முறை மூச்சுப் பயிற்சி வகுப்பைக் கட்டாயமாக்கினார். கோதண்டம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டார். அதைப் பார்த்தபோது இசக்கியப்பனுக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் அந்த உறுத்தலைப் பின்தொடர்ந்து போக அவனுக்குத் துணிவில்லை.

பூங்கோதையின் ஆறாம் மாத ஸ்கேனில் டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"பிள்ளை நாளுக்கு மீறி வளர்ந்திருக்கு. சர்க்கரையா இருக்கலாம். சோதனையில ஒண்ணும் தெரியலை, ஆனாலும் நான் சும்மா விட மாட்டேன். சோத்தைப் பாதியாக் குறை. ராத்திரிக் கஞ்சி வேண்டாம். வாழைப்பழக் கூழைக் கண்ணால கூடப் பார்க்காதே."

"எனக்கு இப்பவே பசி தாங்கல டாக்டர்" என்றாள் பூங்கோதை. சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. "ஒரு வேளை தின்னுட்டு அடுத்த வேளைக்குள்ள கண்ணு இருட்டிட்டு வருது. இப்படித் தீனிப்பண்டாரமா ஆயிட்டேனேன்னு எனக்கே கேவலமா இருக்கு."

பக்கத்தில் நின்ற இசக்கியப்பனுக்குக் காதில் தீ வைத்ததுபோல் இருந்தது. பிள்ளை பெரிதாக இல்லை, நாள்காட்டிதான் சிறிதாக இருக்கிறது. அவன் நேராகக் கோதண்டத்திடம் ஓடினான்.

"டாக்டரம்மாகிட்ட மட்டுமாவது சொல்லிருவோம் சார். எம் பொண்டாட்டிய வீணாப் பட்டினி போடுதாங்க."

"டாக்டர்கிட்ட சொன்னா அவங்க சும்மா இருப்பாங்களா? மறுநாளே மேடை போட்டுச் சொல்லிடுவாங்க. கொஞ்சம் குறைச்சுச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது தம்பி. அந்தக் காலத்துல எல்லாம் எப்படிப் பெத்தாங்க? உங்க பங்குல கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

இசக்கியப்பன் தன் சப்பாத்திகளில் ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தான். அவள் அதைத் தின்றுவிட்டு, டாக்டர் சொன்னதை மீறிவிட்டோமே என்று அழுதாள். அவன் தட்டிக்கொடுத்தான். அதற்குமேல் அவன் எதுவும் செய்யவில்லை. நல்லவர்கள் செய்யும் கெடுதல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

வெண்கூடத்து நாள்காட்டிப்படி எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூங்கோதைக்கு வலி எடுத்தது. பனிக்குடமும் உடைந்தது. மருத்துவப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே கோதண்டமும் வந்து நின்றார். அரை மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இசக்கி, நேராவே சொல்லிடுறேன். குறைமாசம். அதைவிட மோசம், பிள்ளையோட இதயத் துடிப்பு நூத்தி எழுபதைத் தொடுது. இறங்கவே மாட்டேங்குது. உள்ளே பிள்ளை திணறுதுன்னு அர்த்தம். அறுத்து எடுக்கணும்."

"பூங்கோதைக்கு?"

"நான் ஒருத்திதான் இங்கே டாக்டர். மயக்க மருந்து குடுக்கப் பல் டாக்டரைத்தான் கூப்பிட்டிருக்கேன். ரத்தம் ரெண்டு பைதான் இருக்கு. நல்லபடியா முடியும்னு உனக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாது. ஆனா சும்மா இருந்தா பிள்ளை போயிடும்."

நூற்று எழுபது என்ற எண்ணைக் கேட்டதும் இசக்கியப்பனுக்கு மண்டைக்குள் ஏதோ திறந்தது. காற்று இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தான். நீரேற்றிக்கும் உலைக்கும் கொடுத்தான். சினிமாவுக்குக்கூடக் கொடுத்தான். மருத்துவப் பிரிவை மறந்துவிட்டான். துடிப்பை எண்ணும் அந்தக் கருவி, எழுபது நொடிகளை ஒரு நிமிடம் என்று நம்பிக்கொண்டு எண்ணுகிறது. மூச்சுப் பயிற்சி வகுப்பில் ஊரே உட்கார்ந்திருந்ததும் இதனால்தான்.

கோதண்டத்துக்கு அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"தம்பி, வேண்டாம். டாக்டர் கைராசிக்காரங்க, பாத்துப்பாங்க. கப்பலுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. இப்ப வெளியில வந்தா மொத்தமும் போச்சு. அங்கே ஒரு உயிர். இங்கே அறுநூறு."

"அங்க ரெண்டு உயிரு சார்" என்றான் இசக்கியப்பன். கையை உதறிவிட்டுத் திரும்பினான். "டாக்டரம்மா, நில்லுங்க. அந்த நூத்தி எழுபதை ஏழால வகுத்து ஆறால பெருக்குங்க."

"என்ன உளர்றே?"

"உங்க கருவி பொய் சொல்லுது. நாந்தான் சொல்ல வச்சேன். இங்க ஓடுற ஒரு நிமிஷம் நிமிஷமே இல்ல. எழுபது நொடி. நெற்கூடம் கருகினதுல இருந்தே கடிகாரத்தை மெதுவா ஓட்டுதேன். சோறு பத்தலைன்னு."

டாக்டரின் உதடுகள் கணக்குப் போட்டன. நூற்று நாற்பத்தைந்து, நூற்று நாற்பத்தாறு. அது தாயின் வயிற்றில் நிம்மதியாக இருக்கும் எந்தக் குழந்தைக்கும் உள்ள துடிப்புதான்.

"அப்போ நாள் கணக்கு?"

"நாலு வாரம் பின்னால இருக்கு."

"நிறைமாசமா?" அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். "நிறைமாசப் பிள்ளைத்தாச்சியையா நான் அறுக்க இருந்தேன்? அதுவும் அரை வயித்துக்குச் சோறு போட்டு?" அவன் கன்னத்தில் அறையப்போகிறார் என்று நினைத்தான். அறைந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "எனக்குக் கைகால் ஓயுது, துடிப்பு ஏறுது, நானும் நோயாளி ஆயிட்டேன்னு நினைச்சேன் இசக்கி. ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதலாம்னு இருந்தேன். பிரசவம் முடியட்டும், உன்கிட்டயும் நிர்வாகிகிட்டயும் பேசிக்கிறேன்."

பல் டாக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே போனார். விளக்குகள் மங்கத் தொடங்கும் முன்னே, கத்தி படாமல், பெண் குழந்தை பிறந்தது. முழு எடை இல்லை, ஆனால் முழு வளர்ச்சி. அழுகை நடைவழி முழுக்கக் கேட்டது.

கோதண்டம் பயந்தபடியே, மறுநாள் டாக்டர் உணவுக்கூடத்தில் எல்லாரையும் கூட்டினார். கோதண்டம் முதலில் பேசினார். மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னார். உங்கள் நல்லதுக்குத்தான் என்பதை மட்டும் நாலைந்து முறை சொன்னார். இசக்கியப்பன் எழுந்து, எழுதியது நான்தான் என்றான். கூட்டம் கத்தும், நாற்காலி பறக்கும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. துளைப்புப் பிரிவுக்காரன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையாடே? நான் நல்லாத்தான் இருக்கேனா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "எங்ககிட்டயே கேட்டிருந்தா நாங்களே ஒரு வேளைய விட்டுக் குடுத்திருப்போம்லா? சரி, போனது போகட்டும். இப்ப நிஜத்துல எத்தனை நாளைக்குச் சோறு இருக்கு? அதச் சொல்லுங்க."

கோதண்டம் சொல்ல வாயெடுப்பதற்குள் செல்லத்தாய் அழத் தொடங்கிவிட்டாள்.

"அவரு சொல்லுத கணக்கு சரியா இருக்காது" என்றாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "நெற்கூடம் கருகுன அன்னைக்கே எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு. அன்னையில இருந்து ஆளுக்கு அரைக் கரண்டி கொறச்சுத்தான் போடுதேன். தட்டு நெறஞ்சாப்ல தெரியட்டும்னு சோத்தை உதிர்த்து உதிர்த்து வப்பேன். மிச்சம் பூராவும் பின்கட்டுல மூட்ட மூட்டயா இருக்கு. சொன்னா பயந்துருவீகளேன்னுதான் யாருகிட்டயும் மூச்சு விடல."

டாக்டர்தான் கேட்டார்.

"வாயும் வயிறுமா இருந்தவளுக்குமா அக்கா?"

"அவ தட்ட மட்டும் நெறச்சா மத்தவங்க ஏன்னு கேப்பாகல்லா தாயி."

மூட்டைகளை எண்ணிப் பார்த்தார்கள். கப்பல் வரும்வரை மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடலாம், அதற்கு மேலும் மிஞ்சும் என்று தெரிந்தது. கடிகாரத்தைத் தளர்த்தாமல் இருந்திருந்தாலும் அது போதுமானதாக இருந்திருக்கும். அன்று எல்லாருக்கும் இரண்டாம் முறை சோறு போட்டார்கள். சந்தோஷமாகச் சாப்பிட்டவர்கள் குறைவு.

இசக்கியப்பன் ஒரு தட்டு நிறைய அள்ளிக்கொண்டு மருத்துவப் பிரிவுக்குப் போனான். பூங்கோதைக்கு டாக்டர் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தார். செல்லத்தாயின் கதையை அவன் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். நிதானமாக, பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தட்டைக் கீழே வைத்த பிறகுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"செல்லத்தாயக்கா மேல எனக்குக் கோவம் இல்ல. டாக்டர் மேலயும் இல்ல. அவங்களுக்குத் தெரியாது."

"பூவு, அன்னைக்கு நெலமை அப்படி..."

"இருங்க. பசி தாங்காம நான் முழிச்சுக் கெடப்பேன்லா, அப்பல்லாம் எந்தலையத் தடவிக்கிட்டே என்ன சொல்லுவீங்க?"

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "கொஞ்சம் பொறுத்துக்கோ, இப்ப விடிஞ்சிரும்னு சொல்லுவேன்."

"விடியவிடாமப் பிடிச்சு வச்சிருந்ததே நீங்கதான?"

குழந்தை சிணுங்கியது. அவள் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்து, பால் கொடுக்கத் தொடங்கினாள்.